வீட்டுக் கொல்லையில் மீனும் கீரையும்: புதிதாகத் தொடங்குவோர் அறிய வேண்டியவை

காவிரிப் பாசனப் பிரதேசத்தில் குளத்து வண்டலின் அருமையை அறியாத குடியானவர் எவரும் இலர். சித்திரை வைகாசியில் குளம் வற்றியதும் வண்டலை வெட்டி வண்டியேற்றி, நாற்றங்காலுக்கும் வாழைக்கொல்லைக்கும் தென்னைக்கும் இடுவது பரம்பரையாக வந்த வழக்கம். அந்த வண்டலுக்கு வலிவு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், ஆற்றுநீர் கொண்டுவந்த மண் ஒரு பங்கென்றால், குளத்தில் வாழ்ந்த மீன்களின் கழிவும், நீரில் இறங்கிய ஆடுமாடுகளின் சாணமும், அழுகிய இலைதழைகளும் மற்றொரு பங்கு என்பது விளங்கும். மீன் உண்டு கழித்தது பயிருக்கு எருவாகிறது. குளத்தில் ஒரு வருஷத்தில் நடக்கும் இக்காரியத்தை, வீட்டுக் கொல்லையில் ஓர் உறைத்தொட்டியிலும் இரண்டு பாத்திகளிலும் நாள்தோறும் நடக்கச் செய்வதே அக்வாபோனிக்ஸ் என்று வழங்கும் கூட்டு வளர்ப்பு முறையாகும். மீன் தொட்டியின் நீர் பம்பினால் ஏறி ஜல்லிப் பாத்தியில் பாய்கிறது. அங்கே பயிர் எருவை எடுத்துக்கொள்ள, தெளிந்த நீர் மீண்டும் தொட்டிக்கே திரும்புகிறது.

இம்முறை இன்றைய வடிவத்தைப் பெற்றது தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஒரு சிறு தீவில் என்பது கவனிக்கத் தக்கது. மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த செயின்ட் குரோய் என்ற தீவில், வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ரகோசி என்ற விஞ்ஞானி 1980 முதல் பல ஆண்டுகள் இதனை ஆராய்ந்தார். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2014-ல் சிறு அளவு அமைப்புகளுக்கென்றே ஒரு விரிவான கைநூலை வெளியிட்டது. காவிரி பாயும் சீமைக்குத் தீவின் உபாயம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். 2023-ல் ஜூன் 12-ல் திறந்த மேட்டூர் அணை அக்டோபர் மாதத்திலேயே மூடப்பட்டது. மறு வருஷத்துப் பாசனப் பருவத்துக்கு அது ஜூலை 28-ல்தான் திறக்கப்பட்டது. வாய்க்காலில் தண்ணீர் வராத மாதங்களில் கொல்லைக் கீரைக்கும் கிணற்றையோ போர்க்குழாயையோ நம்ப வேண்டியிருப்பது யாவரும் கண்டது.

ஒரு குழி, அதாவது 144 சதுர அடி, நெல் விளைவதற்குச் சுமார் 16,000 லிட்டர் நீர் செல்லும். இங்கே சொல்லப்படும் அமைப்பு அரைக் குழி இடத்தில் அடங்கும். ஒரு முறை நிரப்பிய பின்னர், ஆவியாகியும் பயிர் குடித்தும் குறைவதை மட்டும், நாளொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரையில், ஈடு செய்தால் போதும். கோடை உச்சியில் சற்று அதிகமாகும். ஆயினும் இதனை நெல்லுக்கு மாற்றாகவோ பெரிய வருமானமாகவோ ஒருவரும் எண்ண வேண்டாம். வேலிக் கணக்கில் நிலமுள்ள மிராசுதாரருக்கு இது அடுப்பங்கரைக்கு உதவும் ஒரு கொல்லைத் தோட்டம், அவ்வளவே. மீனையும் வயலையும் பெரிய அளவில் சேர்க்க விரும்புவோர், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் நடவு வயலிலேயே மீனும் கோழியும் சேர்த்து நடத்திய ஆராய்ச்சியைப் பற்றி விசாரித்தறிவது நலம். அது வேறு விஷயம்.

முதலில் வளர்க்க வேண்டியது எது?

புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர் தோற்பது ஒரே காரணத்தால்தான். தொட்டி கட்டி முடிந்த மறுநாளே, மீன் குஞ்சு விற்கும் இடத்திற்கு ஓடி, மலிவாகக் கிடைக்கிறதென்று ஐந்நூறு குஞ்சுகளை வாங்கி வந்து விட்டுவிடுகிறார்கள். முதல் மூன்று நான்கு நாட்கள் குஞ்சுகள் துள்ளி விளையாடும். வீட்டார் யாவரும் ஆசையோடு வேளைக்கு ஒரு பிடி தீனி போடுவார்கள். ஒரு வாரம் ஆவதற்குள் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளக்கும். பின்னர் ஒவ்வொன்றாக மல்லாக்கும். நீரோ பளிங்குபோல் தெளிந்திருக்கும்! யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டாரைச் சந்தேகிப்பதும் உண்டு. விஷம் கலந்தது உண்மையே. கலந்தது தீனி போட்ட கை.

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், உண்ணாது அழுகும் தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. இது கண்ணுக்குத் தெரியாது. மீனுக்குக் கொடிய நஞ்சு. இதனை நைட்ரைட் ஆக்குவது ஒரு வகைப் பாக்டீரியா. நைட்ரைட்டும் நஞ்சே. அதனை நைட்ரேட் ஆக்குவது மற்றொரு வகை. நைட்ரேட்டினால் மீனுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. கீரைக்கோ அது நேரான உணவு. ஆகவே இவ்வமைப்பில் முதலில் வளர்க்க வேண்டியது மீனும் அன்று, கீரையும் அன்று. ஜல்லியின் மேல் மெல்லிய வழுவழுப்பாகப் படியும் இந்தப் பாக்டீரியாக்களையே முதலில் வளர்க்க வேண்டும். இவை மிகவும் மெதுவாகப் பெருகும் ஜாதியைச் சேர்ந்தவை.

1877-ல் பிரான்சு தேசத்து விஞ்ஞானிகள் ஷ்லேசிங், மின்ட்ஸ் என்ற இருவர், சாக்கடை நீரை மணல் நிரப்பிய ஒரு நீண்ட குழாயின் வழியே மெதுவாக வடியவிட்டு ஆராய்ந்தனர். இருபது நாட்கள் வரையில் அமோனியா உள்ளே சென்றபடியே வெளியே வந்தது. அதன் பிறகே நைட்ரேட் தலைகாட்டியது. குளோரோபாரம் ஆவியை உள்ளே செலுத்தியதும் அக்காரியம் நின்றுவிட்டது. மணலில் உயிருள்ள ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்பதற்கு இது சான்றாயிற்று. சுமார் 1890-ல் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். அன்றைய இருபது நாட் கணக்கே இன்றும் கொல்லைத் தொட்டிக்குப் பொருந்துகிறது. நம் ஜில்லாவின் உஷ்ணத்தில் மூன்று முதல் ஐந்து வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். இந்தப் பொறுமைக்கு வேறு மாற்று இல்லை.

செய்முறை எளிது. தொட்டியையும் பாத்திகளையும் நிரப்பிப் பம்பை இடைவிடாமல் ஓடவிட்டு, மீன் ஒன்றும் இல்லாமலே, நாளொன்றுக்குப் பத்துக் கிராம் மீன் தீனியைத் தூவி வரவேண்டும். அது அழுகி அமோனியாவைத் தரும். வண்ண மீன் விற்கும் கடைகளில் அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் நிறத்தைக் கொண்டு அளவிடும் சோதனைப் பெட்டி கிடைக்கும். இதற்குச் செலவிடத் தயங்குவோர் தொட்டி கட்டாதிருப்பதே மேல். முதல் வாரத்தில் அமோனியா ஏறும். பிறகு அது இறங்க, நைட்ரைட் ஏறும். அதுவும் இறங்கி, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்ற நிலை வந்து, நைட்ரேட் மட்டும் நிற்கும் நாளே மீன் விடுவதற்கு ஏற்ற நாள். தேதிகளையும் அளவுகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருவது மிகவும் பிரயோஜனப்படும்.

நெல் பயிரிட்டுப் பழகிய கைக்கு இங்கே ஒரு தடுமாற்றம் நேரலாம். சேற்று வயலில் காற்றில்லை. அங்கே நெல் அமோனியா வடிவிலேயே சத்தை ஏற்கிறது. நைட்ரேட் இட்டால் அது நீரோடு இறங்கியும் வாயுவாக மாறியும் வீணாகும் என்பதாலேயே நடவு வயலுக்கு அம்மோனியம் சல்பேட், யூரியா ஆகியவற்றைச் சிபாரிசு செய்கிறார்கள். ஜல்லிப் பாத்தியிலோ காற்றில்லாவிட்டால் பாக்டீரியா வேலை செய்யாது. ஆதலால் வயலைப்போல் நீரைத் தேக்கி வைக்கும் பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். பாத்தி நிரம்பவும் வேண்டும், வடியவும் வேண்டும்.

தொட்டியும் பாத்தியும்

உறைக்கிணற்றுக்கு வார்க்கும் நான்கடி விட்டமுள்ள சிமெண்டு உறைகள் எங்கும் கிடைக்கின்றன. ஓரடி உயரமுள்ள மூன்று உறைகளை ஒன்றன்மேலொன்று வைத்து, இணைப்பைப் பூசி, அடியில் கான்கிரீட் தளம் இட்டால், விளிம்புக்குச் சற்றுக் கீழே வரையில் ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் நீர் பிடிக்கும். ஓர் உறை பூமிக்குள்ளும் இரண்டு உறை வெளியிலும் இருப்பது நலம். முழுவதும் புதைத்தால் ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தில் கொல்லை நீர் உள்ளே புகுந்து மீன் வெளியே போகும். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்புக் காரம் இறங்குமாதலால், நிரப்பி மூன்று நான்கு நாள் வைத்து இறைத்துவிடுவதை நான்கைந்து முறை செய்த பிறகே உபயோகிக்க வேண்டும்.

பாத்திகள் இரண்டு போதும். ஒவ்வொன்றும் ஐந்தடி நீளம், மூன்றடி அகலம், ஓரடி ஆழம். செங்கல்லால் கட்டி, உட்புறம் கனத்த பிளாஸ்டிக் விரிப்பு இடலாம். பாத்தியின் அடி தொட்டியின் விளிம்பைவிட அரையடி உயரத்தில் இருந்தால் நீர் தானே திரும்பி வடியும். குனியாமல் நின்றபடி கீரை பறிக்கவும் வசதி. இரண்டு பாத்திகளுக்கும் வேண்டிய முக்கால் அங்குல ஜல்லி ஒரு டன்னுக்கு மேல் எடையிருக்கும். மாடித் தளத்தில் வைக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. தொட்டி நீரும் சேர்ந்தால் இரண்டு டன்னைத் தாண்டுகிறது. பொறியாளரைக் கலக்காமல் அதனை நினைக்கவும் வேண்டாம். ஜல்லி கருங்கல்லாக இருக்கட்டும். ஒரு பிடியில் சிறிது காடி ஊற்றிப் பார்த்து, நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், தள்ளிவிடுக.

ஒரு மணிக்கு ஆயிரம் லிட்டர் ஏற்றக்கூடிய சிறு பம்பு, தொட்டி நீரை மணிக்கு ஒரு முறை சுற்றி வரச் செய்யும். பாத்தியில் நீர் மேற்பரப்புக்கு ஓரங்குலம் கீழே வரையில் ஏறியதும், சைபன் குழாய் ஒன்று தானே பிடித்துக்கொண்டு முழுவதையும் இழுத்து வடித்துவிடும். நீர் இறங்கும்போது ஜல்லியின் இடுக்குகளில் காற்று புகும். மேலே ஓரங்குலம் எப்போதும் உலர்ந்திருப்பதால் பாசியும் பிடிக்காது, கொசுவும் முட்டையிடாது. கிராமத்தில் கொசு ஒழிப்புக்காக வீடுவீடாகப் பார்வையிட வரும் உத்தியோகஸ்தர்கள் இதனைக் கவனிப்பார்களாக. மீனுள்ள தொட்டியில் கொசுப்புழு பிழைப்பதில்லை. தொட்டியைச் சுற்றிக் கிடக்கும் காலி வாளிகளும் பீப்பாய்களுமே குற்றவாளிகள்.

தண்ணீரின் குணத்தை முன்கூட்டியே அறிதல் அவசியம். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும். அதனை அகன்ற பாத்திரத்தில் இரண்டு நாள் வெயிலில் வைத்த பிறகே சேர்க்க வேண்டும். இல்லாவிடில் ஐந்து வாரம் வளர்த்த பாக்டீரியா ஒரே நாளில் மடியும். வேதாரணியம், நாகப்பட்டினம் முதலிய கடலோரப் பகுதிகளில் போர்நீர் பல இடங்களில் உப்பாயிருக்கிறது. அவ்விடங்களில் மழைநீரைச் சேர்த்து வைத்தே தொடங்குவது உத்தமம். காரம் மிகுந்த நீருக்கு மற்றொரு தோஷமும் உண்டு. அமோனியாவின் விஷத்தன்மை காரத்தோடு ஏறுகிறது. நம் கோடை உஷ்ணத்தில், பி.எச். ஏழு என்ற நடுநிலையில் அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே விஷ வடிவில் இருக்கும். எட்டில் அது ஏழு பங்குக்கு மேல் ஆகும். ஒன்பதில் ஏறக்குறையப் பாதி. ஒரே அளவு அமோனியா ஒரு வீட்டில் மீனைக் கொல்வதும் அடுத்த வீட்டில் கொல்லாதிருப்பதும் இதனாலேயே. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய நீர் தானாகவே புளிப்பாகி வரும். ஆறுக்குக் கீழே இறங்கினால், நீற்றாத கிளிஞ்சலை ஒரு துணிப்பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிட்டால் மெல்லச் சமன்படும்.

எந்த மீன், எத்தனை மீன்

ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு முப்பது குஞ்சுகள் போதும். இது கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும், கணக்கோ இதுதான். பத்துக் கிராம் எடையுள்ள முப்பது குஞ்சுகள் நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து கிராம் தீனி தின்னும். மீனில்லாத நாட்களில் பாக்டீரியாவைப் பழக்கியதும் ஏறக்குறைய அதே அளவுதான். மீன் பருக்கப் பருக்கத் தீனி கூடும். கூடக்கூடப் பாக்டீரியாவும் பெருகும். மீன் இருநூறு கிராம் வரும்போது மொத்தம் ஆறு கிலோ. தீனி எடையில் நூற்றுக்கு இரண்டு வீதம் 120 கிராம். இலைக்கீரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு நாற்பது முதல் ஐம்பது கிராம் தீனி என்பது மேற்கண்ட கைநூலின் கணக்கு. நம் இரண்டு பாத்திகளின் பரப்பு 2.8 சதுர மீட்டர். இரண்டும் சரியாகப் பொருந்துவதைக் காணலாம். கால் மணி நேரத்தில் தின்று முடியாத தீனியை வலைக்கரண்டியால் எடுத்துவிட வேண்டும். தீனியிடும் பொறுப்பு வீட்டில் ஒருவரிடம் மட்டுமே இருக்கட்டும்.

ஜாதி விஷயத்தில், முதன்முறை தொடங்குவோர்க்குச் சாதாக் கெண்டை நல்லது. சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். கட்லாவும் ரோகுவும் குளத்து மீன்கள். நான்கடி உறைக்குள் அவற்றைச் சிறையிடுவது தகாது. விராலுக்கு நம் சந்தையில் நல்ல விலை உண்டு, காற்றையும் சுவாசிக்கும். எனினும் பெரியது சிறியதைத் தின்னும் ஆதலால், ஒரே அளவான குஞ்சுகளைப் பொறுக்கி விடும் அனுபவம் வந்த பிறகே அதனைத் தொடவேண்டும். பனையேறிக் கெண்டையும் காற்றைச் சுவாசிக்கும் கெட்டி மீன். தரங்கம்பாடியில் டேனியர் ஆண்ட காலத்தில், 1791-ல், டால்டார்ப் என்ற லெப்டினன்ட் இம்மீன் பனையில் ஏறக் கண்டதாக எழுதி ஐரோப்பிய விஞ்ஞானிகளை வியப்பில் ஆழ்த்தினார். பனை ஏறுகிறதோ இல்லையோ, மழை இரவில் தொட்டியை விட்டு ஏறிப்போவது நிச்சயம். எந்த மீனாயினும் தொட்டியின் மேல் வலை கட்டுவது அவசியம். கொக்கு, மீன்கொத்தி, எல்லாவற்றிற்கும் மேலாக வீட்டுச் சிறு குழந்தைகள் ஆகியவற்றை எண்ணியும் இது வேண்டும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை விற்போர் சொல்லில் மயங்க வேண்டாம். அதனை வளர்ப்பது சர்க்காரால் தடை செய்யப்பட்டுள்ளது. வாய்க்காலில் தப்பினால் நாட்டு மீன்களை அழித்துவிடும். திலேப்பியா வளர்ப்பதற்கும் அனுமதி வேண்டும். மீன் உண்ணாத குடும்பத்தார் வண்ணக் கெண்டைகளை விட்டால் கீரைக்கு ஒரு குறைவும் வராது. தீனி தின்னும் எந்த மீனும் எரு தரும்.

குஞ்சு, தீனி, பயிற்சி ஆகியவற்றைப் பற்றி ஜில்லா மீன்துறை அலுவலகத்திலும், நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூரக்கோட்டை நிலையத்திலும் விசாரிக்கலாம். சூரக்கோட்டை தஞ்சாவூரை அடுத்துள்ளது.

பயிரும் மருந்தும்

முதற் பயிர் கீரையாகவே இருக்கட்டும். வள்ளைக்கீரை குளத்தோரம் வளரும் ஜாதியாகையால் இதற்கென்றே பிறந்தது போலாகும். ஒரு முழத் தண்டைச் செருகினால் போதும். பறிக்கப் பறிக்கத் துளிர்க்கும். பொன்னாங்கண்ணி, வல்லாரை, புதினா, தண்டுக்கீரை ஆகியவையும் நன்கு வரும். கத்தரியும் மிளகாயும் தக்காளியும் காய்க்க அதிகச் சத்துக் கேட்பவை. மீன் பாதி பருத்த பிறகு வைக்கலாம். இளந்துளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறைவு. மீன் தீனியில் அது போதுமான அளவு இல்லை. நீரில் கரையும் கூட்டு இரும்பு உப்பை அளவோடு சேர்க்க வேண்டியிருக்கும்.

மருந்து விஷயத்தில் நம் குடியானவர்களின் கை பழகிய வழியே போகும். அசுவுணியைக் கண்டதும் தெளிப்பான் வெளியே வரும். வெற்றிலைக் கொடிக்காலுக்கு அடிக்கும் மயில்துத்தக் கலவை ஒரு சிறங்கை தொட்டியில் வடிந்தாலும் மீன் தப்பாது. பூச்சி மருந்துகளைச் சொல்லவே வேண்டாம். வேப்பெண்ணெய் இயற்கைப் பொருள்தானே என்பாரும் உண்டு. அதுவும் மீனுக்கு ஆகாது. பூச்சியைக் கையால் எடுப்பது, அசுவுணியைத் தண்ணீர் பீய்ச்சி உதிர்ப்பது, தாக்கிய செடியைப் பிடுங்கி எறிவது, இவ்வளவே இங்கு வழி. வயலுக்கு உபயோகித்த தெளிப்பானைக் கழுவியும் இங்கே கொண்டுவரலாகாது.

மின்சாரம் நின்றால்

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. பம்பு நின்றால் முதலில் குறைவது நீரில் கரைந்த பிராணவாயு. நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் இரண்டொரு மணிக்குள் சேதம் தொடங்கும். முப்பது மீனுள்ள தொட்டி பல மணி நேரம் தாங்கும். மீனைக் குறைவாக விடுவதே முதல் காப்பு. பேட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றைச் சேமித்து வைப்பது அடுத்த காப்பு. அதுவும் இல்லையெனில் தீனியை அடியோடு நிறுத்தி, ஒரு வாளியால் தொட்டி நீரை மொண்டு, பாதியைத் தொட்டியிலேயே உயரத்திலிருந்து ஊற்றியும், பாதியைப் பாத்தியில் ஊற்றியும் வரவேண்டும். பாத்தி காய்ந்துவிட்டால் பாக்டீரியா மடிந்து, மறுபடியும் ஐந்து வாரம் காத்திருக்க நேரும்.

நம் பருவத்திற்குத் தை மாதம் தொடங்குவது மிகவும் பொருத்தம். மழை நின்று வெயில் தெளிந்திருக்கும். மாசிக் கடைசியில் பாக்டீரியா பக்குவமாகும். அப்போது குஞ்சு விட்டுக் கீரைத் தண்டுகளையும் ஊன்றலாம். பங்குனி பிறந்ததும் தொட்டியின் மேல் தென்னங்கீற்றால் நிழல் வேய வேண்டும். பாத்திகளுக்கு நண்பகல் வெயிலை மட்டும் மறைத்தால் போதும். ஆவணி முதல், பெரிய மீன்களாக வாரம் இரண்டொன்று பிடித்துச் சமையலுக்கு எடுக்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடித்தால் கீரை பட்டினி கிடக்கும். எடுத்த அளவுக்குச் சிறு குஞ்சுகளை விட்டுவர வேண்டும். தொட்டியின் அடியில் படியும் கசடை வாரம் ஒரு முறை குழாயால் உறிஞ்சி வாழை அடியில் ஊற்றலாம். ஐப்பசி மழைக்கு முன், விளிம்பை ஒட்டி வலையிட்ட ஒரு வழிகுழாய் வைத்துவிட்டால், அடைமழையில் தொட்டி நிரம்பினாலும் நீர் மட்டுமே வெளியேறும்.